கொட்டாங்குச்சியும் குளிர்காலக் குருவியும்

தீபாவளிப் புகை அடங்கிக் கார்த்திகை விளக்கும் ஏற்றி முடிந்தபின், வடநாட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு காரியம் தவறாமல் நடைபெறுகின்றது. பரணில் கிடந்த பெட்டி கீழே இறங்குகின்றது. ரஜாய்களும் கம்பளிச் சட்டைகளும் மாடி வெயிலில் காய்கின்றன. குளியலறையில் இருக்கும் தேங்காயெண்ணெய்ப் புட்டி உறைந்து கல்லாகிவிடுகின்றது. பொங்கல் வரும் நாட்களில் தில்லியில் இரவு வெப்பநிலை 7 டிகிரி அளவுக்கு இறங்குவது வழக்கம். சில இரவுகளில் 3, 4 டிகிரிக்குப் போவதும் உண்டு. சிம்லா, முசோரி போன்ற மலையூர்களில் வசிக்கும் அன்பர்களோ வாயிற்படியில் பனியைக் கூட்டித் தள்ளவேண்டியிருக்கின்றது.

நமக்குப் போர்வை உண்டு. ஆவி பறக்கும் காப்பியும் உண்டு. வீட்டின் பின்புறத்துக் கொய்யாக் கிளையில், உடம்பைப் பந்தாக உருட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் குருவிக்கு என்ன உண்டு? 'அதற்குக் குளிராதா?' என்று நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கின்றனர். இது சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளத்தக்கதன்று.

குளிரத்தான் செய்யும். ஆனால் அதற்கும் ஒரு ரஜாய் இருக்கின்றது. இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும்போது அவற்றின் இடுக்குகளில் காற்று தங்குகின்றது. அந்தக் காற்றே பஞ்சு மெத்தை. குளிர் நாளில் குருவி பருத்துத் தோன்றுவது கொழுத்ததனால் அன்று, போர்த்திக்கொண்டதனால். எனினும், போர்வை எவ்வளவு நல்லதாயினும் உள்ளே அடுப்பு எரிந்தால்தானே சூடு நிற்கும்? பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரிக்கு மேற்பட்டது, நம்முடையதைவிட அதிகம். உடலோ மிகச் சிறியது. சிறிய பாத்திரத்தில் வைத்த வெந்நீர் விரைவில் ஆறிவிடுவதுபோலச் சிறிய உடலும் விரைவில் சூட்டை இழக்கின்றது. ஆதலால் அடுப்பிற்கு ஓயாமல் விறகு வேண்டும். பகற்பொழுதோ குறுகிவிட்டது. இலண்டன் நகரில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அந்த எட்டு மணி நேரத்தில் தேடித் தின்றதைக்கொண்டு பதினாறு மணி நேர இரவைக் கடக்கவேண்டும். மறுநாள் விடியலில் அப்பறவை கண் விழிப்பது, முதல் நாள் மாலை அதன் வயிற்றிலும் தோலடியிலும் சேர்ந்திருந்த கொழுப்பைப் பொறுத்தது.

வட அமெரிக்காவில் கருந்தொப்பிச் சிக்கடீ என்று ஒரு சிறு பறவை இருக்கின்றது. நம் நாட்டுப் பட்டாணிக்குருவிக்குச் சிற்றப்பன் மகன் என்று கூறலாம். எடை ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரை அளவே. கடுங்குளிர் இரவில் அது தன் உடல்வெப்பத்தைத் தானே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைத்துக்கொண்டு உறங்குகின்றது. விளக்குத் திரியைத் தணித்து எண்ணெயை மிச்சப்படுத்தும் இல்லத்தரசியின் சிக்கனம் அதற்கு இயற்கையாகவே அமைந்துள்ளது.

விறகிலும் பலவகை உண்டல்லவா? சுள்ளி சடசடவென்று எரிந்து அணைந்துவிடும். வைரம் பாய்ந்த கட்டை நின்று எரியும். உணவிலும் அப்படியே. ஒரு கிராம் மாவுப்பொருளிலிருந்தோ புரதத்திலிருந்தோ 4 கலோரி ஆற்றல் கிடைக்குமானால், ஒரு கிராம் கொழுப்பிலிருந்து 9 கலோரி கிடைக்கின்றது. இக்கணக்கை அறியாத காலத்திலேயே குளிர்நாட்டு மக்கள் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டனர்: பனி நாட்களில் இறைச்சிக் கடையின் வாயிலில் எறிந்த கொழுப்புத் துண்டுக்குச் சிறு பறவைகள் போட்டியிட்டன.

பறவைக்கு ஈவது நம்மவர்க்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. நார்வே நாட்டுக் குடியானவர்கள் கிறிஸ்துமஸ் நாளில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டிக் குருவிகளுக்கென்று வைக்கின்றனர். இது பழைய வழக்கம், இன்றும் நடைபெறுகின்றது. ஜெர்மனியில் பெர்லெப்ஷ் என்ற பிரபு தம் பண்ணையில் ஒரு புதுமை செய்தார். கொழுப்பை உருக்கி, அதில் விதைகளையும் உலர்ந்த ரொட்டித் தூளையும் கலந்து, கொதிக்கக் கொதிக்க ஊசியிலை மரக்கிளைகளின்மீது ஊற்றி உறையவிட்டார். மரமே பந்தியாயிற்று. இம்முறையை விளக்கும் நூல் 1908-இல் ஆங்கிலத்திலும் வந்தது. இங்கிலாந்தில் 1890-91-ஆம் ஆண்டின் கடும் பனிக்காலத்தில், பறவைகளுக்கு உணவு வையுங்கள் என்று செய்தித்தாள்கள் மக்களை வேண்டிக்கொண்டன. அன்று தொடங்கிய பழக்கம் இன்று பெருவணிகமாகிவிட்டது. கொழுப்பு உருண்டை, கொழுப்புக் கட்டி, கொழுப்பு நிறைத்த தேங்காய் மூடி எல்லாம் அங்கே கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆம், தேங்காய் மூடியேதான்! நாம் துருவிவிட்டு எறியும் கொட்டாங்குச்சியை அவர்கள் பணம் கொடுத்து வாங்கிக் கிளையில் மாட்டுகின்றனர். (நெல்லை, நாஞ்சில் நாட்டு அன்பர்கள் சிரட்டை என்று திருத்திப் படித்துக்கொள்க.)

இவ்வுதவியால் உண்மையில் பயன் உண்டா, அல்லது கொடுப்பவர் மனநிறைவோடு சரியா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதனை ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டனர். தீனித்தட்டு இருந்த இடங்களில் சிக்கடீ பறவைகளுள் நூற்றுக்கு 69 குளிர்காலத்தைக் கடந்தன. இல்லாத இடங்களில் நூற்றுக்கு 37 மட்டுமே கடந்தன. வேறுபாடு பெரும்பாலும் மிகக் கொடிய குளிர் மாதங்களில்தான் ஏற்பட்டது. பின்னர் அவ்வாராய்ச்சியாளர்களே தீனித்தட்டை எடுத்துவிட்டும் பார்த்தனர். இருபது ஆண்டுக்கும் மேலாகத் தீனி கண்ட பறவைகள்கூடச் சோம்பேறிகளாகிவிடவில்லை. தாமே இரை தேடிப் பிழைத்துக்கொண்டன. நாம் ஊருக்குப் புறப்பட்டுவிட்டால் குருவிகள் பட்டினியால் மடியுமே என்று அஞ்சுவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

நாணயத்தின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். இங்கிலாந்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்காலம் முழுதும் வெறுங்கொழுப்பு உருண்டையைத் தின்ற சிறு பறவைகள் அடுத்த வசந்தத்தில் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் பின்தங்கின என்று கண்டனர். கொழுப்பு நல்லது என்பதற்காகக் கொழுப்பையே கொட்டுவது நெய் நல்லதென்று குழந்தைக்குச் சோறில்லாமல் நெய்யை ஊட்டுவது போன்றது. ஆகையால்தான், கலவையில் கொழுப்பு ஒரு பங்கும் தானிய வகைகள் இரண்டு பங்கும் இருக்கவேண்டும் என்று விதித்துள்ளனர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் புலால் புழங்கும் இல்லங்களுக்கு.

ஆடுமாடுகளின் சிறுநீரகத்தைச் சூழ்ந்திருக்கும் வெண்ணிறக் கட்டிக் கொழுப்பே இதற்கு ஏற்றது. மற்றக் கொழுப்பைவிட அது கடினமானது, எளிதில் உருகாது. நம் பக்கங்களில் கிடைப்பது ஆட்டுக் கொழுப்பு. இறைச்சிக் கடையில் 'சர்பி' என்று கேட்டால் எதையாவது வெட்டிக் கொடுத்துவிடுவர். 'குர்தே கீ சர்பி' என்று கேட்பது நலம். (உடுத்தும் குர்தா அன்று, சிறுநீரகம்!) பலரும் வேண்டாமென்று ஒதுக்கும் பொருளாதலால் விலை சொற்பம், பழகிய கடைக்காரர் சும்மாவே கொடுப்பதும் உண்டு.

அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, அடி கனத்த பாத்திரத்தில் இட்டு, கால் ஆழாக்குத் தண்ணீர் தெளித்து, மிக மெல்லிய தீயில் வைக்கவேண்டும். வெண்ணெய் காய்ச்சி நெய் எடுத்துப் பழகிய கைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவசரப்பட்டுத் தீயைப் பெருக்கினால் கருகிப் புகை மண்டும். கொழுப்புக்குத் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆதலின் அடுப்பை விட்டு அகலலாகாது. குழந்தைகளை அருகில் விடலாகாது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் துண்டுகள் சுருங்கித் திப்பியாகிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிட்டால் வெண்மெழுகுபோல் உறையும். உறைந்ததை மீண்டும் ஒருமுறை உருக்கி வடித்தால் கசடு நீங்கி இன்னும் கெட்டியாகும். இந்த இரண்டாம் உருக்கலைச் சோம்பலால் விட்டுவிடுகின்றவர்களே பலர். கட்டி வெயிலில் குழையாமல் நிற்பதும், விரைவில் சிக்குநாற்றம் பிடிக்காமல் இருப்பதும் அதைப் பொறுத்தனவாகையால் அதனைச் செய்துவிடுவதே நல்லது என்பது நம் கருத்து.

இவ்வாறு வடித்த கொழுப்பு 200 கிராம் எடுத்துக்கொண்டால், கம்பு 150 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை 150 கிராம், மக்காச்சோள மாவு 100 கிராம் சேர்க்கலாம். கொழுப்பு இளஞ்சூடாக இருக்கும்போதே இவற்றைக் கொட்டிக் கிளறி, கொட்டாங்குச்சிகளில் அழுத்தி நிரப்பிவிடவேண்டும். மூன்று நான்கு மூடிகளுக்கு வரும். சூரியகாந்தி விதை கிடைத்தால் கம்பில் பாதியைக் குறைத்து அதனைச் சேர்க்கலாம். உலர்ந்த ரொட்டித் தூளும் ஓரளவு சேரலாம். எஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் மூடி வைத்தால் சில வாரங்கள் கெடாது.

சேர்க்கக்கூடாதவற்றைச் சற்று அழுத்தியே கூற விரும்புகின்றோம். ஏனெனில், நல்லெண்ணத்தால் செய்யும் தீமை இங்கேதான் நேர்கின்றது. உப்பு கூடவே கூடாது. சிறு பறவையின் சிறுநீரகம் நாம் உண்ணும் அளவு உப்பைத் தாங்காது. ஆகையால் உப்புக்கடலை, மிக்சர், காராசேவு, வறுத்துத் தாளித்த மிச்சம் ஒன்றும் வேண்டா. குழம்பு வைத்த பாத்திரத்தில் மிதக்கும் கொழுப்பும், பூரி சுட்ட எண்ணெயும் பயன்படா. பால் பறவைக்குச் செரிக்காது. உலர்த்திய தேங்காய்த் துருவல் வயிற்றுள் சென்று ஊறி உப்பும்; ஆதலின் அதுவும் ஆகாது. பச்சைத் தேங்காய் மூடியில் ஒட்டியிருக்கும் பருப்பைக் கொத்தித் தின்றால் குற்றமில்லை. நிலக்கடலையில் பூஞ்சை கண்டிருந்தால் ஒரு மணியைக்கூடச் சேர்க்காதீர்கள். அப்பூஞ்சையின் நஞ்சு பறவையைக் கொல்லும். நாம் தின்னத் தயங்கும் கடலை குருவிக்குப் போதும் என்று எண்ணுவது தருமம் அன்று.

நெய் சேர்த்தால் என்ன, வனஸ்பதி சேர்த்தால் என்ன என்று கேட்கக்கூடும். இவை கைச்சூட்டிலேயே குழைபவை. தேங்காயெண்ணெயோ 24 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்குகின்றது. காலையில் கல்லாக இருந்த புட்டி நண்பகல் வெயிலில் நீராக நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வாறு இளகிய பிசுக்கு பறவையின் மார்பிறகில் ஒட்டினால், இறகுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, காற்றைத் தேக்கும் தன்மையை இழந்துவிடுகின்றன. குளிருக்கு உணவு தருகின்றோம் என்று சொல்லிப் போர்வையைப் பறித்துக்கொண்டவர்களாவோம்.

மரக்கறி உணவினர் இல்லங்களுக்கு வேறு வழி உண்டு. அது மலிவானதும் எளியதும் ஆகும். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பே. குளிர்காலத்தில் வடநாட்டுத் தெருமுனைதோறும் மணலில் வறுத்த கடலை குவிந்து கிடக்கின்றது. உப்பிடாததாகப் பார்த்து வாங்கித் தோல் நீக்கி, அம்மியிலோ மின் அரைவையிலோ தண்ணீர் விடாமல் விழுதாக அரைக்கவேண்டும். அந்த விழுதோடு அதே அளவோ சற்று மிகுதியாகவோ மக்காச்சோள மாவைப் பிசைந்தால் புட்டுமாவுப் பதத்திற்கு வரும். விழுதை வெறுமனே வைத்தால் அலகில் அப்பிக்கொள்ளும். மாவு சேர்த்தால் உதிரியாகும். மலையூர்களில் கீழே விழுந்து கிடக்கும் பைன் காய்களின் இதழிடுக்குகளில் இதனை அடைத்து நூலில் கட்டித் தொங்கவிடலாம். விடுமுறையில் வீட்டிலிருக்கும் சிறுவர் சிறுமியர்க்கு இதைவிட நல்ல கைவேலை கிடையாது. சமயலறையின் ஆசாரமும் கெடாது. பாட்டிமாரின் முகமும் சுளிக்காது.

கொட்டாங்குச்சியைக் கட்டும் முறையிலும் சிறிது நுட்பம் உண்டு. கண்ணுள்ள மூடியாகத் தேர்ந்தெடுத்து, கண்ணைத் துளைத்துக் கயிற்றைச் செருகி உள்ளே முடிச்சிட்டு, கலவையை நிரப்பி, வாய் கீழ்நோக்க மணிபோலத் தொங்கவிடுவது ஒரு முறை. பட்டாணிக்குருவி தலைகீழாகத் தொற்றிக்கொண்டு தின்னவல்லது. காக்கையாலும் புறாவாலும் அது இயலாது. கழைக்கூத்தாடிக்கு மட்டும் கிடைக்கும் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் வரவேண்டுமானால் மூடியைப் பக்கவாட்டில் கட்டி, அமர்வதற்கு ஒரு குச்சியைக் குறுக்கே செருகவேண்டும். பூனை பாய்ந்து எட்டாத உயரமும், பக்கத்தில் பறந்து ஒளிய ஒரு செடியும் இருத்தல் நன்று. கண்ணாடிச் சன்னலுக்கு நேரே சற்றுத் தொலைவில் கட்டினால் பறவை மோதி விழும். சன்னலை ஒட்டியே கட்டிவிட்டால் மோதும் வேகம் இராது.

இத்தனையும் எங்கே பொருந்தும்? இங்கு நாம் நேயர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. உறைபனி விழும் மலையூர்களிலேயே கொழுப்புக் கட்டிக்கு வேலை. பனிக்காலத்தில் மேல்மலைப் பறவைகள் பல கீழ்ச் சரிவுகளுக்கு இறங்கி வருகின்றன. பட்டாணிக்குருவி வகைகளும், வெள்ளைக் கன்னமும் முன்சாய்ந்த கொண்டையும் உடைய இமயத்துக் கொண்டைக்குருவியும், மரங்கொத்தியும் கண்ணுக்கு விருந்தாக வரும். ஆயினும் சிம்லாவில் குரங்கு என்று ஒன்று இருப்பதை அங்குள்ளோர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. குரங்கு நடமாடும் வீட்டில் எந்தத் தீனியையும் தொங்கவிடாதிருப்பதே அறிவுடைமை. ஒருமுறை சுவை கண்ட குரங்கு கொட்டாங்குச்சியோடு நில்லாது. அடுத்து அடுக்களைக்கும் அதன்பின் குழந்தையின் கைக்கும் வரும். குரங்குத் தொல்லை இல்லாத வளாகங்களிலும், காலையில் கட்டி மாலையில் எடுத்து உள்ளே வைத்துவிட்டால் எலி சேராது.

தில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற சமவெளி நகரங்களில் கொழுப்பு தேவையில்லை என்பதே நம் முடிபு. பகல் வெயில் 20 டிகிரியை எட்டும் இடத்தில் அது இளகும், நாறும். அன்றியும் இந்நகரங்களின் பறவைகளைக் குளிர் அவ்வளவாகக் கொல்வதில்லை. நெஞ்சுரமுள்ள பூச்சிகள் குளிரிலும் இலையடியில் இருக்கின்றன. வெள்ளை வாலாட்டியும் கருஞ்சிவப்புவாலியும் அவற்றை நம்பியே வடக்கிலிருந்து தில்லிக்கு விருந்தாளிகளாக வருகின்றன. உள்ளூர்ச் சிட்டுக்கும், 'சாத் பாய்' என்று இந்திக்காரர் அழைக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டத்திற்கும் ஒரு பிடி கம்பும், ஒரு மண்சட்டித் தண்ணீரும் போதும்.

அந்த ஒரு பிடி என்ற அளவே இங்கு முக்கியம். சிட்டுக்கென்று மாடிச் சுவரில் தானியத்தைப் பரப்புகின்றோம். சிட்டு வருவதற்குள் நாற்பது புறாக்கள் வந்துவிடுகின்றன. வந்தவை குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே குடித்தனம் நடத்தத் தொடங்குகின்றன, சிட்டு ஒதுங்கிவிடுகின்றது. புறாவின் எச்சமும் இறகுத் தூளும் காய்ந்து காற்றில் கலந்து, நாள்பட மூச்சில் சேர்ந்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகின்றது. முற்றினால் நுரையீரல் தழும்பேறி மீளாமற் போவதும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் மும்பையில் புறாக்களுக்குத் தீனி இடும் 'கபூதர்கானா'க்களை மூட அரசும் மாநகராட்சியும் முற்பட்டபோது, அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஏறிற்று. அறம் என்று ஒரு சாராரும் ஆரோக்கியம் என்று மற்றொரு சாராரும் தெருவில் நின்று வாதாடினர். வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ முதியவரோ இருப்பின் இதில் வாதாடுவதற்கு ஒன்றுமில்லை. புறாவைக் கூட்டும் தீனியை நிறுத்திவிடவேண்டியதுதான். தொங்கி ஆடும் சிறு மூடியில் கம்பை இட்டால் சிட்டு அமரும். பருத்த புறாவுக்கு அங்கே கால் நிற்காது.

தில்லி அன்பர்கள் பலர் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் யமுனைத் துறைக்குச் செல்வர். வடதிசையிலிருந்து வலசை வந்த கடற்காகங்கள் வெண்பூ மழைபோல ஆற்றின்மேல் சுழலும் காட்சி கண்ணுக்கு இனியதே. படகுக்காரரிடம் சேவுப் பொட்டலம் வாங்கி வீசினால் அவை தலைக்குமேல் வந்து மொய்க்கும்; நிழற்படமும் அழகாக விழும். மீனும் நீர்ப்புழுவும் தின்று வாழவேண்டிய பறவைக்கு உப்பும் காரமும் எண்ணெயும் நிறைந்த சேவை ஊட்டி, அதைப் புண்ணியம் என்று கணக்கெழுதிக்கொள்கின்றோம். பலமுறை சுட்ட எண்ணெயில் பொரித்த அப்பொட்டலங்களை நாமே நம் குழந்தைக்குக் கொடுக்கமாட்டோம். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள், பார்க்கட்டும், பொட்டலம் வேண்டாம். இதை எழுதுவதால் படகுக்காரரின் பிழைப்பில் மண் விழுமோ என்றொரு உறுத்தல் நமக்கு இருக்கவே செய்கின்றது. படகுக் கூலியைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

தூய்மையைப் பற்றி ஒரு வார்த்தை. பல பறவைகள் ஓரிடத்தில் கூடி உண்ணும்போது நோயும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றது. பிரிட்டனில் 2005 முதல் பரவிய தொண்டை நோயால் பச்சைக் குருவியினம் ஒன்று பெருமளவில் அழிந்தது. தீனித்தட்டுகளும் நீர்த்தொட்டிகளும் அந்நோய் பரவத் துணைசெய்தன. 2020-21 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குருவிகளிடையே சால்மொனெல்லா பரவியபோது, சில வாரங்கள் தீனித்தட்டுகளை இறக்கிவிடுங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தினர். வாரம் ஒருமுறை மூடியையும் சட்டியையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தல் வேண்டும். ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சலவை நீர் கலந்து கழுவினால் இன்னும் சிறப்பு. பின்னர் நாற்றம் போக அலசவேண்டும். கொட்டாங்குச்சியில் ஒரு வசதி: அழுக்கேறினால் அடுப்பிற்கோ குப்பைக்கோ அனுப்பிவிட்டு நாளைக்குச் சட்னி அரைக்கும்போது புதிது எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரை மட்டும் நாள்தோறும் மாற்றவேண்டும். கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். குழந்தைகளைக் கழுவச்செய்தல் அதனினும் கடினமான காரியம் என்பது தெரிந்ததே.

2012-இல் தில்லி அரசு சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. அறிவிப்பால் குருவி பெருகுவதில்லை. தாய்க்குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ புழுவும் பூச்சியுமே வேண்டும். ஆகவே கம்பு வைப்பவர்கள் ஒரு செடியும் வைப்பாராயின் தொண்டு நிறைவெய்தும். நம் வீடுகளில் எப்படியும் ஒரு கறிவேப்பிலைச் செடி தொட்டியில் இருக்கும். அதனைப் பூக்கவும் காய்க்கவும் விட்டால், கனிந்த கருநிறப் பழங்களுக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். தழைக்காக முற்றும் மொட்டையடித்துவிடாமல் ஒரு கிளையையாவது விட்டுவைக்குமாறு நம் தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றோம். மொட்டையடிப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தாம் என்று அவர்கள் மறுமொழி கூறக்கூடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கனுவைச் சொல்லாமல் விடுவதெப்படி? பொங்கலுக்கு மறுநாள் விடியலில், உடன்பிறந்தார் நலம் வேண்டி, நம் பெண்மக்கள் மாடியில் இலை விரித்து மஞ்சட்சோறும் செஞ்சோறும் சர்க்கரைப் பொங்கலும் தயிர்ச்சோறும் பிடிபிடியாக வைக்கின்றனர். அம்மங்கல நாள் வடநாட்டின் மிகக் கடுமையான குளிர் நாட்களுள் ஒன்றாக அமைந்துவிட்டது. மஞ்சளிலை கிடைக்காத ஊரில் வாழையிலைத் துண்டிலும், அதுவும் அகப்படாத இடத்தில் தட்டிலும் வைப்பதுண்டு. தஞ்சையிலோ மதுரையிலோ இலையைப் போடுமுன்னே காக்கை வந்து நிற்கும். இங்கோ மூடுபனி. ஐந்து மணிக்கு வைத்த பிடி எட்டு மணியாகியும் தொடப்படாமல் இருக்கக் கண்டு, அண்ணன் தம்பிக்கு என்னவோ என்று மனம் கலங்கிய சகோதரியர் உண்டு. கலங்க வேண்டா. இரவெல்லாம் குளிரில் ஒடுங்கிய காக்கை ஞாயிறு தலைகாட்டும் வரை இடத்தை விட்டு எழுவதில்லை. வீணாகப் பறந்து சூட்டைச் செலவிட அதற்கும் மனம் வராது. பனி சற்று விலகியபின் வைத்தால் சிறிது நேரத்தில் இலை காலியாகும். குடும்ப வழக்கம் விடியலில்தான் வைக்கவேண்டும் என்றிருந்தால் அப்படியே வைத்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். தயிர்ச்சோற்றில் உப்பையும் தாளிதத்தையும் விட்டுவிட்டால் காக்கைக்குப் பின் வரும் சிறு பறவைகளுக்கும் கேடில்லை. எஞ்சிய சோற்றையும் இலையையும் நண்பகலுக்குள் எடுத்துவிடவேண்டும். இல்லையேல் மாலையில் எலிகளுக்குக் கனு.

சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று ஓடிவிடும் என்பர் நம் பெரியோர். வடநாட்டில் ஹோலிக்குள் பகல் வெயில் சுடத் தொடங்கிவிடும். அப்போது மலையூர் அன்பர்களும் கொழுப்பு மூடியைக் கழற்றிவிடவேண்டும். அது கூடு கட்டும் பருவம், இளகிய கொழுப்பு அடைகாக்கும் பறவையின் மார்பிலிருந்து முட்டை ஓட்டிலும் ஒட்டும். முழு நிலக்கடலையையும் நிறுத்திவிடவேண்டும்; தாய் கொண்டுபோய் ஊட்டினால் குஞ்சின் தொண்டையில் அடைக்கும். மூடி தொங்கிய அதே கிளையின் நிழலில், வாயகன்ற மண்சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்திற்குத் தண்ணீர் நிரப்பி வைத்தால், அடுத்த நான்கு மாதங்களுக்கு அதுவே அவற்றிற்கு வேண்டுவது.